காக்கைக்கு வைத்த சோறும் மதிலேறி வந்த கயோட்டியும்

காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் நான் சாப்பிட உட்கார்ந்ததில்லை. பிறந்த வீட்டில் அம்மா பழக்கியது. புகுந்த வீட்டிலும் விடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெற்குக் கலிஃபோர்னியாவில், இர்வைன் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. பின்பக்க மதிலோரம் ஓர் அத்தி மரம். அதன் அடியில் ஒரு தட்டில் தினமும் சோறு வைப்பேன், சில நாள் தயிர் விட்டுப் பிசைந்து. காக்கைகள் வந்தன, அணில்கள் வந்தன. தெரியாத ஊரில் நாலு உயிர் நம் கைச் சோற்றைத் தின்கிறது என்பதில் மனத்துக்கு ஒரு நிறைவு. இரவில் எலிகளும் வந்தன என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மே மாதத்தில் ஒரு விடியற்காலை. காபி போட அடுக்களைக்கு வந்தவள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். தட்டருகே ஒரு விலங்கு நின்று நக்கிக்கொண்டிருந்தது. நம் தெரு நாய் அளவுதான். ஆனால் கால்கள் மெல்லியவை, காதுகள் பெரியவை. சாம்பலும் பழுப்பும் கலந்த மயிர். நாய் வாலைத் தூக்கி வைத்துக்கொள்ளும்; இதற்கோ புசுபுசுவென்ற வால் கீழே தொங்கியது, நுனியில் கறுப்பு. என்னை நிமிர்ந்து பார்த்தது. ஓடவில்லை. மிச்சத்தையும் தின்று முடித்துவிட்டு, ஆள் உயர மதிலில் முன்கால்களைப் பதித்து ஒரே தாவில் ஏறி அந்தப் பக்கம் குதித்தது. நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். மகள் எழுந்து வந்ததும் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. “அம்மா, அது நரி இல்லம்மா, கயோட்டி. லட்டுவை வெளியே விட்டீங்களா?” என்றாள். லட்டு என்பது பேத்தியின் பொமரேனியன். மூன்று கிலோ இருக்கும்.

லட்டு கட்டிலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதே வாரத்தில் பக்கத்து வீட்டுப் பூனை காணாமல் போனது. அந்த வீட்டுக்காரர் தனியாக வாழும் மூதாட்டி. பதினோரு வயதுச் சாம்பல் நிறப் பூனை ஒன்றுதான் துணை. நாலு நாள், அந்தி சாயும் நேரத்தில் வாசலில் நின்று, பூனை உணவு டப்பாவை ஸ்பூனால் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த டிக் டிக் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஐந்தாம் நாள், நடைப்பயிற்சிக்குப் போன ஒருவர் புல்வெளிப் பாதையோரம் கிடந்த கழுத்துப்பட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். மணி அதிலேயே இருந்தது. நான் வைத்த சோறுதான் அந்தப் பூனையைக் கொன்றது என்று யாரும் சொல்லவில்லை. அப்படி நிரூபிக்கவும் முடியாது. ஆனால் அந்தத் தெருவுக்கு அந்த விலங்கைத் தினமும் வரப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

கயோட்டி நம்மூர்க் குள்ளநரிக்கு ஒன்றுவிட்ட உறவு; இரண்டும் நாய்ப் பேரினத்தைச் சேர்ந்தவை. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலிலிருந்து வந்தது அதன் பெயர். எடை பெரும்பாலும் 15 கிலோவைத் தாண்டாது. பழம், வெட்டுக்கிளி, எலி, முயல், மான்குட்டி, செத்த பிராணி, குப்பைத்தொட்டி மிச்சம் எதையும் தின்னும். ஜனவரி முதல் மார்ச் வரை இணை சேரும். ஏப்ரல், மே மாதங்களில் நாலிலிருந்து ஏழு குட்டிகள் வரை ஈனும். குட்டிக்குத் தீனி தேடித் தாயும் தகப்பனும் சேர்ந்து அலையும் காலம்தான் வளர்ப்புப் பிராணிகளுக்கு ஆபத்தான காலம். இலையுதிர் காலத்தில் வளர்ந்த குட்டிகள் புது இடம் தேடிப் புறப்படும். அப்போது, இதுவரை கண்ணில் படாத தெருக்களிலும் தென்படும்.

‘காட்டு விலங்குக்கு ஊருக்குள் என்ன வேலை?’ என்று நானும் கேட்டேன். இர்வைன் நகரமானதே 1971-ல்தான். அதற்கு முன் அது மேய்ச்சல் நிலமும் தோட்டமுமாகக் கிடந்த பெரும் பண்ணை. கயோட்டி அங்கே காலங்காலமாக இருந்தது. மதிலும் தெருவும்தான் பின்னால் வந்தன. அமெரிக்காவின் மற்ற பகுதிகளில் கதையே வேறு. ஒரு காலத்தில் மேற்குப் புல்வெளிகளோடும் பாலைகளோடும் நின்றிருந்த விலங்கு அது. ஆடுமாடுகளைக் காப்பாற்ற ஓநாய்களைச் சுட்டும் விஷம் வைத்தும் ஒழித்தார்கள், காடுகளைத் திருத்தினார்கள். ஓநாய் போன இடத்தையெல்லாம் கயோட்டி பிடித்துக்கொண்டது. இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் அது இருக்கிறது. தெற்கே பனாமா வரை போய்விட்டது. நியூயார்க் பூங்காவிலும் சிகாகோ ரயில் பாதையோரத்திலும் குட்டி போட்டு வாழ்கிறது.

ஓநாயை ஒழித்த கையால் இதையும் ஒழிக்கப் பார்க்காமல் இல்லை. துப்பாக்கி, கண்ணி, விஷம், வானிலிருந்து சுடுவது என எல்லாம் செய்தார்கள். இன்றும் அமெரிக்க வேளாண் துறையின் ஒரு பிரிவு ஆண்டுக்குச் சுமார் 60 ஆயிரம் கயோட்டிகளைக் கொல்கிறது. ஆனாலும் அது பெருகிப் பரவியதுதான் மிச்சம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 1975-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஆண்டுதோறும் நூற்றுக்கு 75 கயோட்டிகளைக் கொன்றால்கூட அந்த இனம் அற்றுப்போக 50 ஆண்டுக்கு மேலாகும். கூட்டம் குறைந்தால் மிஞ்சியவற்றுக்குத் தீனி கூடும். குட்டிகள் அதிகம் பிழைக்கும். ஒரு குடும்பத்தைக் கொன்று காலியாக்கிய இடத்துக்கு அடுத்த மலைச்சரிவிலிருந்து இன்னொன்று வந்துவிடும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் ஒரு பூனை போனதும் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ‘கண்ணி வைத்துப் பிடித்துக் காட்டில் விட்டுவிடலாமே’ என்று செய்திகள் பறந்தன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பிடித்த கயோட்டியை வனவிலங்குத் துறையின் அனுமதி இல்லாமல் வேறிடத்தில் கொண்டுபோய் விடுவது சட்டப்படி கூடாது. பிடிபட்டால் அங்கேயே விட வேண்டும், இல்லையேல் கொல்ல வேண்டும். ஆகவே கண்ணி வைப்பது என்றால் கொல்வது என்று அர்த்தம். கொல்லவே கூடாது என்பது என் கட்சி அல்ல. மனிதர்களைக் கடிக்கத் துணிந்த கயோட்டியை விட்டுவைக்க முடியாது. சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே லஃபாயெட், மொராகா பக்கம் 2020-லும் 2021-லும் ஐந்து பேரை ஒரே கயோட்டி கடித்தது. கடிபட்டவர்களிடம் எடுத்த மாதிரியில் மரபணுவை ஒப்பிட்டு, அந்த ஒரு விலங்கைத் தேடிக் கொன்றார்கள். அது நியாயமான நடவடிக்கை. பூனை போன கோபத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் கொல்வதில் நியாயமும் இல்லை, பயனும் இல்லை.

அப்படியானால் எதை மாற்றலாம்? என் மனத்தை மாற்றியவை இரண்டு ஆய்வுகள். சிகாகோவைச் சுற்றியுள்ள குக் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஸ்டான்லி கெர்ட் என்ற விலங்கியலாளரின் குழு கயோட்டிகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்கிறது. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட எச்சங்களைப் பிரித்துப் பார்த்தபோது எலி வகையே முதலிடம். அடுத்துப் பழம், மான், முயல். பூனை மயிர் இருந்தவை நூற்றுக்கு ஒன்றை ஒட்டித்தான். லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குள் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையினர் இதே சோதனையைச் செய்தார்கள். ஐந்து எச்சத்தில் ஒன்றில் பூனை. அதே ஆய்வில், அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் தவுசண்ட் ஓக்ஸ் பக்கத்துப் புறநகரில் இருபத்தைந்தில் ஒன்று. விலங்கு ஒன்றுதான், அதன் பசியும் ஒன்றுதான். தெருவில் என்ன கிடைக்கிறது என்பதுதான் வேறு. நகருக்குள் கயோட்டி தின்றதில் பாதிக்கு மேல் மனிதரால் கிடைத்த தீனி: குப்பை, தட்டில் வைத்த நாய் உணவு, வீட்டு மரங்களிலிருந்து உதிர்ந்த பழம். தெருப்பூனைகளுக்கு இரக்கப்பட்டு மூலைக்கு மூலை வைக்கும் தீனிக்கு எலியும் வருகிறது, பூனையும் கூடுகிறது, அந்த இரண்டையும் தேடிக் கயோட்டியும் வந்துவிடுகிறது.

கையிலிருந்து தின்னப் பழகிய கயோட்டிக்கு மனிதர் மேலுள்ள அச்சம் போய்விடும். அதன் விளைவை வான்கூவர் நகரத்தின் ஸ்டான்லி பூங்கா பார்த்தது. 2020 டிசம்பரிலிருந்து 2021 ஆகஸ்ட் வரை அந்தப் பூங்காவில் 45 பேர் கடிபட்டார்கள், சின்னக் குழந்தைகள் உட்பட. பார்வையாளர்கள் படம் எடுப்பதற்காகத் தீனி போட்டுப் பழக்கியிருந்தார்கள். கடைசியில் பூங்காவை மூட வேண்டியதாயிற்று; மொத்தம் 11 கயோட்டிகளைக் கொன்றார்கள். தீனி போட்டவர்களில் எத்தனை பேர் அன்று அதை நினைத்து வருந்தினார்களோ.

பூனை போன வாரத்தில், ஒரு சனிக்கிழமை காலை, நானும் மகளும் எங்கள் தெருவை மேலிருந்து கீழ்வரை நடந்து பார்த்தோம். இருபத்திரண்டு வீடு. ஒரு வீட்டு வாசலில் நாய்க்கு வைத்த தீனி இரவு முழுக்க அப்படியே. இன்னொரு வீட்டில் பறவைகளுக்குத் தொங்கவிட்ட தானியக் கூண்டு. அதன் அடியில் சிந்திய தானியத்தில் எலிப் புழுக்கை. மூன்று வீடுகளில் குப்பைத்தொட்டியின் மூடி சரியாக மூடவில்லை. எதிர்வீட்டில் இறைச்சி சுட்ட அடுப்பின் கொழுப்புத் தட்டு கழுவப்படாமல் வெளியில். ஒரு தோட்டத்தில் மரத்தடியில் உதிர்ந்த லுக்காட் பழம் அழுகிக் கிடந்தது. எங்கள் வீட்டில் அத்திப்பழமும் என் சோற்றுத் தட்டும். தெருவில் பத்தொன்பது வீட்டார் ஒழுங்காக இருந்து மூன்று வீட்டார் அசட்டையாக இருந்தாலும் போதும். கயோட்டி தன் இரவு நடையில் எங்கள் தெருவையும் சேர்த்துக்கொள்ளும். வரும் வழியில் பத்தொன்பது வீட்டுப் பூனையும் நாயும் அதன் கண்ணில் படும். இதனால்தான் வளர்ப்புப் பிராணியைக் காப்பது தனி வீட்டுக் காரியம் ஆகாது என்கிறேன்.

எலித்தொல்லைக்கு விஷம் வைக்கும் வீடுகளும் உண்டு. விஷம் தின்று தள்ளாடும் எலியைக் கயோட்டி தின்னும், ஆந்தை தின்னும், சில சமயம் வீட்டுப் பூனையும் தின்னும். ரத்தம் உறையாமல் செய்யும் அந்த எலிமருந்துகளில் வீரியமானவற்றைப் பெரும்பாலான பயன்பாடுகளுக்குக் கலிஃபோர்னியா 2020-ல் சட்டமியற்றித் தடை செய்தது. எலி வராமல் செய்ய எளிய வழி, அதற்குத் தீனி வைக்காமல் இருப்பது.

இங்கே நம்மவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தப் புறநகர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்கப் போகும் பெற்றோர் அமாவாசைக்குக் காக்கைச் சோறு வைக்கிறோம். மிஞ்சிய இட்லியை அணிலுக்குப் பிய்த்துப் போடுகிறோம். தேங்காய் மூடியைச் செடியடியில் போடுகிறோம். நம் ஊரில் அது தர்மம். சோற்றுப் பருக்கை மிஞ்சினால் எறும்பு தின்னும். அங்கே அது இரவில் வேறொருவரின் பூனைக்கு எமனாகிறது. படையல் வைத்தே ஆக வேண்டும் என்றால் பகலில் வையுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். காக்கை தின்றதும் தட்டை எடுத்துக் கழுவி உள்ளே வையுங்கள். கால் மணி நேர வேலை.

பூனை விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கயோட்டி உள்ள ஊரில் பூனை வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். ‘எங்கள் பூனை கெட்டிக்காரி, மரமேறித் தப்பிவிடும்’ என்பார்கள். அரிசோனாவின் டூசான் நகரில் ஆய்வாளர்கள் கயோட்டியும் பூனையும் எதிர்ப்பட்டதை 36 முறை நேரில் பார்த்தார்கள். அதில் 19 முறை பூனை செத்தது. மதிலும் புல்தரையுமாக இருக்கும் இடத்தில் ஏற மரம் எங்கே இருக்கிறது? வெயிலும் காற்றும் வேண்டுமென்றால் கம்பிவலையால் மேலும் பக்கமும் அடைத்த கூண்டுத் திண்ணை ஒன்றை ஜன்னலோடு சேர்த்துக் கட்டிக்கொடுக்கலாம். முதல் இரண்டு வாரம் பூனை கத்தும், கதவைப் பிராண்டும். பிறகு பழகிவிடும்.

நாய்க்கு அப்படி முடியாது. நடக்க வேண்டும், வெளிக்குப் போக வேண்டும். ஆகவே ஆள் கூடவே இருக்க வேண்டும். லட்டு விஷயத்தில் என் மகள் வைத்துக்கொண்ட வழக்கத்தைச் சொல்கிறேன். ஆறடிக் கயிறு; இழுக்க இழுக்க நீளும் கயிறு வேண்டாம், இருபதடி தள்ளி நிற்கும் நாயைக் காப்பாற்ற முடியாது. விடியுமுன்னும் இருட்டிய பின்னும் புதரோரப் பாதையில் நடையில்லை. இரவு பின்கட்டுக்கு விடும்போது விளக்கைப் போட்டு முதலில் ஆள் போய்ப் பார்த்து, பிறகுதான் நாய். கதவிலுள்ள நாய்த் துவாரத்துக்கு இரவில் தாழ். கயோட்டியைக் கண்டால் ஓடாமல் நாயைத் தூக்கிக்கொள்வது. வசந்த காலத்தில் கயோட்டி குட்டி போட்டிருக்கும் வளைப் பக்கம் போனால், பெரிய நாயோடு போகிறவரையும் அது சிறிது தூரம் பின்தொடர்ந்து வரும். குட்டிகள் இருக்கும் இடத்தைவிட்டு நம்மை வழியனுப்பும் செயல் அது. முதுகைக் காட்டாமல் விலகி, சில வாரம் வேறு பாதையில் போவது நல்லது. ஒரு கயோட்டி விளையாட்டுக் காட்டி நாயைக் கூட்டத்துக்குள் இழுத்துப் போகும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது; அதற்குச் சான்று இல்லை. அவிழ்த்துவிட்ட நாய் தானே துரத்திக்கொண்டு போய் மாட்டிக்கொள்கிறது. கடிபட்டு வந்தால், வெளியே சின்னத் துளை போலத்தான் தெரியும். உள்ளே தசை கிழிந்திருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெறிநாய்க்கடி, டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் காலம் தவறக் கூடாது.

மதிலை மட்டும் நம்பக் கூடாது என்பதை நான் கண்ணால் கண்டேன். ஆறடிக்குக் குறைந்த சுவர் அதற்கு ஒரு தடையே இல்லை. ஆறடியிலும் கால் பதிக்க இடம் கிடைத்தால் ஏறிவிடும். சுவர் உச்சியில் நீளவாட்டில் சுழலும் குழாய் பொருத்துகிறார்கள். முன்காலை வைத்ததும் குழாய் உருளும், பிடி கிடைக்காமல் கீழே விழும். வேலிக்கு அடியில் தோண்டி நுழையாமல் இருக்க மண்ணுக்குள் ஓர் அடி கம்பிவலை. சின்ன நாய்களுக்கு முள் வைத்த மேல்சட்டைகூட விற்கிறார்கள். சான் டியேகோவில் தங்கள் நாயைக் கயோட்டியிடம் பறிகொடுத்த ஒரு தம்பதி உருவாக்கியது அது. சட்டை போட்டோம் என்று கயிற்றை அவிழ்த்துவிடக் கூடாது.

இதற்கெல்லாம் மேலாக, கயோட்டிக்கு மனிதர் மேல் அச்சம் இருக்க வேண்டும். அதுதான் அதற்கும் நல்லது. வனவிலங்குத் துறையினர் சொல்லிக்கொடுக்கும் முறையைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கையைத் தூக்கி உயரமாகத் தெரிய வேண்டும், உரக்கக் கத்த வேண்டும், தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்க வேண்டும், அருகில் ஏதாவது எறிய வேண்டும், குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சலாம். கண்ணிலிருந்து மறையும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் ‘இவ்வளவுதானா’ என்று அது கற்றுக்கொள்ளும். கம்பங்கொல்லையில் பரண்மேல் நின்று தகரம் தட்டிக் குருவி ஓட்டிய பெண்ணுக்கு இதை அமெரிக்காவில் போய்க் கற்க வேண்டியதில்லை. ஒரு காலி பால்பவுடர் டப்பாவில் பத்துப் பன்னிரண்டு காசு போட்டு, வாசல் கதவருகே வைத்தேன். அடுத்த வாரமே வேலை வந்தது. கயோட்டி சுவரேறி எட்டிப் பார்த்தது. டப்பாவைக் குலுக்கி, வயிற்றிலிருந்து குரல் எடுத்துக் கத்தினேன். சுவரில் அரை நொடி நின்றது. கத்திக்கொண்டே நாலடி முன்னால் போனேன். குதித்து ஓடியது. தட்டும் இல்லை, பழமும் இல்லை, ஆள் கத்துகிறாள். ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் பின்கட்டில் அதை நான் பார்க்கவில்லை. ஒன்று கவனம்: குட்டியோடு இருக்கும் கயோட்டியையோ, ஓட வழியில்லாமல் மூலையில் மாட்டிக்கொண்டதையோ இப்படி விரட்டப் போகக் கூடாது.

‘அது அதன் நிலம், பூனையை வெளியே விட்டவர் பேரில்தான் தப்பு’ என்று சிலர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்கள். பதினோரு ஆண்டு மடியில் படுத்துத் தூங்கிய உயிரைப் பறிகொடுத்தவரிடம் அப்படிப் பேசக் கூடாது. அந்த மூதாட்டியிடம் நான் போய் என் சோற்றுத் தட்டைப் பற்றிச் சொன்னேன். மகள் கூட நின்றாள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவில் எல்லோருக்கும் இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வாசலில் பதினான்கு வீட்டார் கூடினார்கள். யார் வீட்டில் என்ன மாற்ற வேண்டும் என்று குறைசொல்லாமல் பேசி முடித்தார்கள். தானியக் கூண்டு இறங்கியது. குப்பைத்தொட்டி மூடிகளுக்குப் பட்டை வந்தது. அத்தி மரத்தை மாப்பிள்ளை பாதியாக வெட்டிக் குறைத்தார். பழுத்ததை அன்றன்றைக்கே பறித்தோம். நான் ஊர் திரும்பும்போது அந்த மூதாட்டி வீட்டு ஜன்னலில் ஒரு மஞ்சள் பூனைக்குட்டி உட்கார்ந்திருந்தது, கண்ணாடிக்கு உட்பக்கம்.

இந்தக் கோடையிலும் நம் ஊரிலிருந்து எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க அந்தப் புறநகர்களுக்குப் புறப்படுவார்கள். பெட்டியில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் வைக்கும்போது இதையும் நினைவில் வையுங்கள். பின்கட்டில் சோற்றையும் பழத்தையும் விட்டுவிட்டு உறங்கப் போகாதீர்கள். போன முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் வீட்டில் பூனை இருக்கிறதா, நாய் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.